வழுக்குமரத்துக்குப் பக்கத்தில் பாறையை வைக்காதீர்கள்: வன்னியின் விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வன்னிக் கிராமங்களின் விளையாட்டுக் கழகத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், அந்தக் கழகங்களில் விளையாடும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு ஒரு கழகம் அடித்த நோட்டீஸ் கைக்கு வந்தது. எந்தக் கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. கயிறிழுத்தல், தலையணைச் சண்டை, முட்டி உடைத்தல், வழுக்குமரம் என்று வழக்கமான நிகழ்ச்சிகள். கடைசியில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: பாறை ஏறுதல். முதலில் உச்சியைத் தொடுபவருக்குப் பணப்பரிசு. அந்தப் பாறை எனக்குத் தெரியும். குளக்கட்டைத் தாண்டிக் காட்டோரம் நிற்கிறது. ஒரு பக்கத்தால் ஆடுகூட ஏறிவிடும். மற்றப் பக்கம் நிமிர்ந்து, நல்ல தென்னை உயரத்துக்கு நிற்கும். போட்டி அந்த நிமிர்ந்த பக்கத்தில்.

பயிற்சி என்ற பெயரில் இரண்டு பொடியள் அதில் ஏறுகிற காணொளியும் என் போனுக்கு வந்தது. உழவு இயந்திரத்தில் கட்டி இழுக்கிற நைலோன் கயிறு ஒருவனின் இடுப்பில். கீழே நிற்பவன் மறு முனையைக் கையில் பிடித்திருக்கிறான். நடுவில் கயிறு பாறையில் எங்கும் மாட்டப்படவில்லை. மேலே இருப்பவன் விழுந்தால் கயிறும் கூடவே விழும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஏறின விதத்தைத் திருப்பித் திருப்பிப் பத்துத் தரமாவது பார்த்திருப்பேன். கையால் தொங்கி இழுக்காமல், காலில் நின்று, அடுத்த அடியை வைக்கும் முன் கால்விரலால் பாறையைத் தடவிப் பார்க்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது வருவது அபூர்வம்.

போட்டியை எடுத்துவிடுங்கள். இதுதான் என் வேண்டுகோள். ஏறுவதைத் தடை செய்யுங்கள் என்று கேட்கவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சீவல் தொழிலாளி ஒருவரின் மகன். அப்பா விடியற்காலையிலும் பின்னேரத்திலும் பனை ஏறுவார். காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி, கள்ளு முட்டி. விழுந்தால் பிடிக்க ஒன்றும் இல்லை. ஏறும் முன் தளைநாரைக் காலில் மாட்டி, நிலத்தில் நின்றபடியே இரண்டு தரம் உதைத்து இழுத்துப் பார்ப்பார். அப்புறம் உள்ளங்கையை மரத்தில் வைப்பார். கும்பிடுகிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். கும்பிடவும் செய்தார்தான், ஆனால் கை பார்த்தது ஈரத்தை. பனி இறங்கிய மரமா, இரவு மழை உள்ளே ஊறின மரமா, வெயில் பட்டால் காய்ந்துவிடுமா என்று கை சொல்லும். சில நாள் கையை எடுத்துவிட்டு, "இண்டைக்கு மரம் விடாது" என்று திரும்பி நடப்பார். சோளகம் மூசி அடிக்கிற நாட்களில் அப்படி அடிக்கடி நடக்கும். வெறும் முட்டியோடு வீட்டுக்கு வரும் நாளில் அம்மா ஒரு கேள்வியும் கேட்க மாட்டா. தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பா.

பள்ளிக்கூடத்தில் என்னை மரமேறியின் மகன் என்றுதான் கூப்பிட்டார்கள். அது பட்டப்பெயர் மாதிரிச் சொல்லப்பட்டது, ஆனால் பட்டப்பெயர் இல்லை. ஏறுவது கீழான வேலை என்று நம் ஊர் நெடுங்காலம் நினைத்தது. இன்று அதே ஊர் ஏறுபவனுக்குப் பரிசு வைக்கிறது. எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம்.

அப்பாவை மரம் கொல்லவில்லை. 2009 இல் எத்தனையோ பேரோடு அவரும் போனார். அப்போது நான் இங்கிலாந்தில், ஷெஃபீல்ட் நகரத்தில் இருந்தேன்.

அந்த நகரத்துக்கு மேற்கே, பீக் மாவட்டத்தில், ஸ்டேனேஜ் என்று ஒரு நீண்ட பாறை விளிம்பு இருக்கிறது. கரடுமுரடான மணற்கல். முன்பு அதில் திரிகைக் கல் கொத்தினார்களாம். கொத்தி முடித்து யாரும் எடுத்துப் போகாத வட்டக் கற்கள் இன்னும் பாறையடியில் புல்லுக்குள் கிடக்கின்றன. கூட வேலை செய்த ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். அப்போதுதான் அவர்கள் 'ட்ரட்' என்று சுருக்கிச் சொல்லும் மரபு முறைப் பாறையேற்றத்தை முதலில் பார்த்தேன்.

அதில் பாறையைத் துளைத்து ஆணி அடிப்பதில்லை. முதலில் ஏறுபவர் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார். வழியில் கிடைக்கும் வெடிப்புகளில் சின்ன உலோகக் கட்டைகளைச் செருகி, அவற்றில் கயிற்றைக் கொளுவிக்கொண்டே மேலே போவார். அதுதான் காப்பு. கீழே நிற்பவர் கயிற்றைப் பிடிகருவியால் கட்டுப்படுத்துவார், முதல் ஆள் உச்சிக்குப் போனதும் பின்னால் ஏறி எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுவார். பாறை இருந்தபடி இருக்கும். ஆரம்பத்தில் கூழாங்கல்லை வெடிப்பில் இறுக்கி அதைச் சுற்றிக் கயிற்று வளையம் போட்டிருக்கிறார்கள். 1950களில் வேல்ஸ் நாட்டில் ஸ்னோடன் மலைக்குப் போகிறவர்கள், மலை ரயில் பாதையோரம் கிடந்த இரும்பு நட்டுகளைப் பொறுக்கி, அவற்றுக்குள் கயிறு கோத்துக் கொண்டுபோனார்கள். இன்று கடையில் விற்கிற காப்புக்கும் 'நட்டு' என்றுதான் பெயர். 1978 இல் ரே ஜார்டின் என்பவர் உருவாக்கிய, வில் வைத்துச் சுருங்கி விரியும் கருவி விற்பனைக்கு வந்தது. கீழ்நோக்கி இழுபடும்போது அதன் பற்கள் வெடிப்பின் இரு சுவரையும் நெரித்துப் பிடிக்கும். ஜெர்மனியின் சாக்சனி மணற்பாறைகளில் இந்த உலோகக் கருவிகளுக்குக்கூட இன்றுவரை இடமில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை வெடிப்புக்குள் இறுக்குகிறார்கள். அதைப் படித்தபோது அப்பாவின் தளைநார் முடிச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது கணக்கு ஒன்று பாருங்கள். காணொளியில் உள்ள தம்பிக்காகச் சொல்கிறேன். நிலத்திலிருந்து 8 மீற்றரில் உங்கள் கடைசிக் காப்பு. நீங்கள் 12 மீற்றரில் நிற்கிறீர்கள். கை வழுக்கினால் முதலில் காப்பு மட்டத்துக்கு 4 மீற்றர், பிறகு அதற்குக் கீழே இன்னொரு 4 மீற்றர், மொத்தம் 8 மீற்றர் விழுவீர்கள். கயிறு நீள்வதையும் அதன் தளர்வையும் சேர்த்தால் நிலத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நிற்பீர்கள். நடுங்கும், ஆனால் தப்பிவிடுவீர்கள். அதே காப்பை நம்பி 15 மீற்றருக்குப் போய்விட்டால் கயிறு இருந்தும் பிரயோசனமில்லை, நிலம் முந்திவிடும். இதெல்லாம் ஏறுவதற்கென்றே செய்த கயிற்றுக்கான கணக்கு. அந்தக் கயிறு விழுகிறவரின் வேகத்தைத் தன் நீளத்தில் வாங்கும். பலமான வீழ்ச்சியில் ஏறத்தாழ 30 வீதம்வரை இழுபடும். உழவு இயந்திரக் கயிறு அப்படி இழுபடாது. அந்த வேகம் முழுவதையும் உங்கள் இடுப்பும் முள்ளந்தண்டும்தான் வாங்க வேண்டும்.

வெடிப்பே இல்லாத வழிகளும் உண்டு. காப்பு வைக்க இடமில்லை, அல்லது வைத்தது தாங்கும் என்ற நம்பிக்கை இல்லை. அப்படிப்பட்ட வழிகளைத்தான் அங்கே துணிந்த வழிகள் என்பார்கள். பிரித்தானியாவில் கடுமையான வழிகளை ஈ1 தொடக்கம் மேல்நோக்கி எண்ணிட்டுத் தரம் பிரிக்கிறார்கள். உடம்புக்கு எவ்வளவு கடினம் என்பதோடு, விழுந்தால் என்ன ஆகும் என்பதும் அந்த எண்ணுக்குள் அடக்கம். 1986 இல் ஜொனி டோஸ் என்பவர் ஸ்னோடன் சரிவில் குளோகி என்ற கரும்பாறையில் 'இந்தியன் ஃபேஸ்' என்ற ஈ9 வழியை ஏறினார். அதை இரண்டாவதாக ஒருவர், நிக் டிக்சன், ஏறுவதற்கு 8 வருடங்கள் எடுத்தன. இடைப்பட்ட அந்த 8 வருடங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். பலமும் ஆசையும் உள்ளவர்கள் எத்தனையோ பேர் அந்த நாட்டில் இருந்தார்கள். போகாமல் இருப்பதையும் அவர்கள் ஒரு முடிவாக எடுத்தார்கள்.

சரி, பிறகு ஏன் ஏறுகிறார்கள்? கேட்பீர்கள். நம் ஊரில் இதைக் கேட்க எல்லோரையும்விட அம்மாமாருக்கு உரிமை இருக்கிறது. உயிர் மிஞ்சினதே பெரிய காரியம், அதைக் கொண்டுபோய் ஏன் பாறையில் வைக்கிறாய் என்று என் பெரியம்மா என்னிடம் கேட்டா. நான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போதும் முழுப் பதில் என்னிடம் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டேனேஜில் ஒரு மாலை. கடைசி நட்டு என் காலுக்கு 3 மீற்றர் கீழே. வலது கையில் அரை விரல் அகல விளிம்பு, இடது கையில் ஒன்றுமே இல்லை, உள்ளங்கையைப் பாறையில் பரப்பி அழுத்தியிருக்கிறேன். கண்ணுக்கு ஒரு சாண் முன்னால் அந்தக் கல். வெள்ளைப் பளிங்குக் குருணிகள், ஒன்றின் பக்கத்தில் காய்ந்த பாசி, அதன் மேல் ஒரு சிவப்புச் செள்ளு மெல்ல ஊர்கிறது. கீழே எங்கோ ஒரு செம்மறி இருமியது. வாடகை, விசா, ஊரிலிருந்து வராத தொலைபேசி அழைப்பு என்று நான் சுமந்துகொண்டு திரிந்த எதுவும் அந்த நேரத்தில் இல்லை. பயம் இருந்தது. ஆனால் அது தெளிவான பயம், எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று காட்டுகிற பயம். போகலாம், அல்லது நட்டுவரை ஒவ்வோர் அடியாக இறங்கலாம். இரண்டும் என் கையில். வன்னியில் வளர்ந்த எனக்கு ஆபத்து என்றால் மேலே இருந்து வருவது, அதற்கு முன்னால் நமக்குத் தெரிவு கிடையாது. தெரிவு உள்ள ஆபத்தை வாழ்க்கையில் முதன்முதலாக அங்கேதான் கண்டேன். அன்று நான் இறங்கினேன். கயிறு பிடித்தவன் ஒன்றும் சொல்லவில்லை, போத்தலில் இருந்து தேநீர் ஊற்றித் தந்தான். அம்மாவின் நினைவு வந்துவிட்டது.

இன்னொரு நாள் இறங்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். கீழே ஏழெட்டுப் பேர் நின்றார்கள், பாதிப்பேரைத் தெரியாது. நல்ல மனதோடுதான் "ஏறு, ஏறு" என்று சத்தம் போட்டார்கள். நட்டு சரியாக இருக்கவில்லை என்பது வைக்கும்போதே தெரியும். கழற்றி மறுபடி வைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் அவர்கள் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. அடுத்த அடியில் கால் போனது, நட்டு பிடுங்கிக்கொண்டு வந்தது, நிலம் வந்தது. இடது குதிக்கால் எலும்பு நொறுங்கியது. உள்ளே தகடு வைத்தார்கள். மழைக்காலத்தில் இன்றும் காலை நிலத்தில் வைக்கும்போது அந்தக் கைதட்டல் ஞாபகம் வரும். பாறையும் பலமும் கருவியும் மற்ற நாட்களில் இருந்தபடியேதான் இருந்தன. அன்று கூடுதலாக இருந்தது கூட்டம் ஒன்றுதான்.

உங்கள் விழாவில் கூட்டம் இருக்கும், ஒலிபெருக்கி இருக்கும், நேரம் பார்க்கிறவர் இருப்பார், பரிசு இருக்கும், பக்கத்து ஊர்ப் பொடியன் இருப்பான். வழுக்குமரத்தில் இதெல்லாம் சரி. கிரீஸ் பூசின மரத்தில் வழுக்கினால் கீழே நிற்பவனின் தோளில் இருப்பான், ஊர் சிரிக்கும், மறுபடி ஏறுவான். பாறையில் அந்த இரண்டாவது தரம் கிடைக்காது.

பாறையேற்றப் போட்டியே உலகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. 1985 இல் இத்தாலியின் பார்டோனேக்கியாவில் நடந்தது உண்மையான பாறையில்தான். ஆனால் கொஞ்ச வருடத்திலேயே போட்டிகளைச் செயற்கைச் சுவர்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒலிம்பிக்கில் நீங்கள் பார்த்த, 15 மீற்றர்ச் சுவரை 5 வினாடிக்குள் ஏறுகிற போட்டியில், ஏறுபவர்கள் மேலிருந்து வரும் கயிற்றில் முழு நேரமும் மாட்டப்பட்டிருக்கிறார்கள். துணிந்த மரபு வழிகளில் போட்டி கிடையாது. அதை யாரும் அரங்கத்துக்குக் கொண்டுவரவில்லை.

கயிறே இல்லாமல் ஏறும் அலெக்ஸ் ஹொனோல்டின் காணொளிகளைத் தம்பிமார் பார்த்திருப்பீர்கள். 2017 ஜூன் 3 ஆம் திகதி, கலிபோர்னியாவில் எல் கப்பிட்டான் என்ற சுமார் 900 மீற்றர்ப் பாறையை 4 மணித்தியாலத்துக்குள் தனியாக ஏறினார். அதற்கு முன் அதே வழியில் கயிறு கட்டி நீண்ட காலம், ஒவ்வொரு பிடியும் மனப்பாடமாகும்வரை பழகினார். 2016 இல் ஒரு தரம் கயிறில்லாமல் தொடங்கி, தொடக்கப் பகுதியிலேயே மனம் ஒப்பாமல் திரும்பினார். படம்பிடிக்க ஆட்கள் வந்து நிற்கும்போதே திரும்பினார். உச்சியில் நின்று சிரிக்கிற படத்தைவிட அந்தத் திரும்பல் எனக்குப் பெரிது. அவருக்கு முந்திய தலைமுறையில் ஜோன் பாக்கர் இருந்தார். பல பத்தாண்டுகள் கயிறில்லாமல் ஏறியவர், தன் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர் எடுத்தவர். 2009 ஜூலையில், தன் ஊருக்குப் பக்கத்துப் பாறையில் தனியாக ஏறும்போது விழுந்து இறந்தார். 52 வயது. திறமை இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளந்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களை வன்னியில் தெரியாதவர் யார்? ஷெல்லால் ஆனவர்கள், மரத்தால் விழுந்தவர்கள். அவர்களுக்குச் சாய்தளம் கட்டவே நாம் படும் பாடு தெரியும்.

இனி நம் பாறைகளைப் பற்றி. இலங்கையின் அடிப்பாறையைப் புவியியலாளர்கள் சில பெரும் தொகுதிகளாகப் பிரித்து, அவற்றில் ஒன்றுக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய, இறுகின, நல்ல பாறை. ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு மேற்பக்கம் வெங்காயத் தோல் மாதிரிப் படலம் படலமாகக் கழன்றிருக்கும். பார்வைக்கு அருமையான பிடியாகத் தெரியும். பிடிக்கும் முன் விரல் முட்டியால் தட்டுங்கள். 'டக்' என்று செத்த சத்தம் வந்தால் பாறை. வெறும் பானையைத் தட்டின சத்தம் வந்தால் அது பலகை மாதிரிப் பிரிந்து நிற்கிற கல், உங்களோடு சேர்ந்து வரும், கீழே கயிறு பிடிப்பவனின் தலையில் விழும். மத்தியானத்தில் தொடவே வேண்டாம், கை வியர்க்கும், சப்பாத்தின் றப்பர் இளகும். அப்பா ஏறின நேரம்தான் பாறைக்கும் சரி.

நிழல் பக்கத்து விளிம்பில் கறுப்புப் படலம் மாதிரித் தொங்கினால் அது மலைத்தேனீக் கூடு. நிலத்தில் நிற்பவனுக்கு ஓட இடமிருக்கும், கயிற்றில் தொங்குபவனுக்கு இல்லை. கூடு உள்ள பாறை அந்தப் பருவம் முழுவதும் தேனீக்கே சொந்தம்.

அப்புறம் நிலம். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை வன்னியில் எத்தனையோ வருடங்களாக நடக்கிறது, பெரும்பகுதியைச் செய்பவர்களில் நம் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். அப்படி வேலை செய்த ஓர் அக்கா எங்கள் தெருவில் இருக்கிறா. ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து, ஒரு சாண் மண்ணைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சாண். கை நடுங்கினாலோ மனம் வேறெங்கோ போனாலோ எழும்பி வெளியே வந்துவிடலாம், அதற்கு யாரும் ஏசுவதில்லை என்று சொன்னா. பாறைக்குப் போகும் காட்டுப் பாதையைப் பற்றி முதலில் அப்படிப்பட்டவர்களிடம் கேளுங்கள். சிவப்புப் பலகை உள்ள பக்கம் பாறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நமக்கு இல்லை.

வெடுக்குநாறிமலை, குருந்தூர்மலை போன்ற இடங்களில் கயிறோடு போய் நிற்க வேண்டாம். அவை வழிபாட்டு இடங்கள், பழைய எழுத்துகளும் சின்னங்களும் உள்ள இடங்கள், நீதிமன்றம்வரை போன வழக்குகள் உள்ள இடங்கள். ஆதிலிங்கேஸ்வரரைக் காண ஏணியில் ஏறுகிற பாறையில் நாம் விளையாடுவது சரியில்லை. மற்றப் பாறைகளிலும் துளை போடாதீர்கள், பெயின்ற் அடித்துப் பெயர் எழுதாதீர்கள். காடு வனத்துறைக்கு உரியதென்றால் எழுத்தில் அனுமதி எடுங்கள்.

கழக நிர்வாகிகளே, நோட்டீஸில் இருந்து அந்த ஒரு வரியை வெட்டிவிடுங்கள். அந்தப் பரிசுப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இரண்டு தலைக்கவசம் வாங்கலாம். பெடியன்கள் ஏறப்போவதைக் கண்டும் காணாததுமாக விடவும் வேண்டாம், நீங்கள் தடை போட்டால் அவர்கள் உங்களுக்குத் தெரியாமல் போவார்கள், அப்போது கயிறு பிடிக்கவும் ஆள் இருக்காது. கூட நின்று பழக்குங்கள். முதல் வருடம் முழுவதும் மேலிருந்து போட்ட கயிற்றில் மட்டும். காப்பு வைக்கப் பழகுவது நிலத்தில் நின்றபடி, செருகி, முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டு, பிடுங்கிப் பார்த்து. இறங்குகிறேன் என்று ஒருவன் சொன்னால், ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. இந்த ஒரு விதியைக் கழகக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். துணிந்த வழியில் ஏறத் தகுந்த ஒருவன் ஒருநாள் உங்கள் ஊரில் வரலாம். காணொளியில் உள்ள தம்பியே அவனாக இருக்கலாம். அது அவன் தானாக, பல வருடம் கழித்து, கூட்டம் இல்லாத ஒரு காலையில் எடுக்க வேண்டிய முடிவு.

என்னிடம் 60 மீற்றர்க் கயிறு ஒன்று இருக்கிறது. நான்கு வயதுதான் ஆகிறது, ஒரு வீழ்ச்சியும் வாங்காதது. இடுப்புப் பட்டி மூன்று, நட்டு ஒரு கோர்வை, பிடிகருவி இரண்டு. குதிக்கால் காரணமாக நான் இப்போது அதிகம் ஏறுவதில்லை, கயிறு பிடிப்பேன். புத்தாண்டுக்கு முன்னால் எந்த ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருகிறேன். அந்த இரண்டு பொடியளையும், விருப்பமானால் அவர்களின் அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு விடிய 6 மணிக்குக் குளக்கட்டுக்கு வாருங்கள். தேத்தண்ணி நான் கொண்டுவருகிறேன். போன்களை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஒன்று மட்டும் இருக்கட்டும், சார்ஜ் போட்டு, அம்புலன்ஸ் இலக்கமான 1990 இற்கு அழைக்க.

அன்புடன்,
மரமேறி ஒருவரின் மகன்,
முள்ளியவளை.